போனக்காடு: பாறையும் படச்சுருளும்

மலை மாறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். கேரளத்தின் போனக்காட்டுத் தேயிலை ஆலைப் பக்கம் நின்று தென்கிழக்கே பார்த்தால், மேகம் வழிவிடும் நாளில் அகத்தியர்கூடம் தெரியும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்தும் அழுந்தியும் உருமாறிய பாறை இது. மேலே கிடந்த சுமையெல்லாம் மழையில் கரைந்து ஆற்றோடு போனபின் மிச்சம் நின்றதைத்தான் நாம் சிகரம் என்கிறோம். ஒரு மனித ஆயுளில் அதன் முகத்தில் தேய்வதை அளந்தால் நகத்தின் கனம் தேறினால் அதிகம். ஆகவே இங்கே அன்று, இன்று என்று வரும் இடங்களிலெல்லாம் மாறியவர்கள் அதன் முன்னால் கேமராவோடு வந்து நின்ற மனிதர்கள்தாம். அவர்கள் வந்த பாதை மாறியது; படத்துக்குள் எதை வைத்தார்கள், எதை விட்டார்கள் என்பதும் மாறியது.

என் சிறுவயதில் தோட்டத்தில் கேமரா வைத்திருந்தவர் ஒருவர்தான். தொரை பங்களாவிலும் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள், நாங்கள் கண்டதில்லை. கண்டது தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் அக்ஃபா கிளிக்-3. இந்தியாவிலேயே செய்த எளிய பெட்டிக் கேமரா. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம் வரும். வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை. அதற்குமேல் திருகிப் பார்க்க அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ரோல் பெரும்பாலும் 'இந்து' கறுப்பு வெள்ளை. 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த சரக்கு. நீலகிரிக் குளிரில் பிறந்த பிலிம் அகத்தியமலைக் குளிரில் வெளிச்சம் கண்டது என்று இப்போது எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அன்று எங்களுக்கு அது விலை அதிகமான ஒரு சுருள், அவ்வளவே.

பன்னிரண்டும் கலியாணம், காதுகுத்து, அம்மன் கோயில் கொடை என்று பங்கு பிரிந்துவிடும். மலைக்கு மீந்தது ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்றுக்காகக் கம்பவுண்டர் அண்ணாச்சி ஆலைக்கு மேலே உள்ள மேட்டில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருப்பார். கூடப் போகிற பையன்கள் பொறுமையிழந்தால், "மேகம் வெலகட்டும்டே, அதுவா ஒரு நேரம் பாத்து வரும்" என்பார். மேகம் விலகாமலே இருட்டிவிடும். மறுநாள் மீண்டும் ஏறுவோம். எடுத்தபின் ரோல் பஸ்ஸில் நெடுமங்காட்டு ஸ்டூடியோவுக்குப் போகும். கழுவி, பிரிண்ட் போட்டு, ஓரம் அலையலையாக வெட்டிய படங்களாகத் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் எந்த மாலை, எந்த மேகம் என்பதே எங்களுக்கு மறந்திருக்கும்.

அந்தப் படங்களில் சில இன்னும் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் உண்டு. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. மலையை மட்டும் எடுத்த படங்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றில் யாரோ ஒருவர் முன்னால் நிற்கிறார்: கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், புதுச் சட்டையில் ஒரு பையன், கைக்குழந்தையை இடுப்பில் இருத்திய பாட்டி. அவர்கள் தோளுக்குப் பின்னால், மங்கலாக, கட்டைவிரல் அளவில் அகத்தியர்கூடம். படமெடுத்தவருக்கு மலை ஒரு சாட்சி; ஆள் இந்த ஊர்க்காரர் என்பதற்கு அது போதும்.

இன்று போனக்காட்டின் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் வரும் படங்களின் எண்ணிக்கைக்கு அளவில்லை. மலை முழுத்திரையை நிறைக்கிறது. மேலிருந்து எடுத்த படங்கள், விடியலில் எடுத்தவை, நட்சத்திரங்களோடு எடுத்தவை. தெளிவில், நிறத்தில், கோணத்தில் அண்ணாச்சியின் படங்கள் இவற்றின் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் தோள் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகிறது. கிடைத்தாலும் அது ஏறி வந்தவரின் தோள். அங்கேயே வாழ்ந்தவரின் தோள் இல்லை.

பாறையைப் பாறைக்காகவே படமெடுப்பது நம் பக்கம் புதிய வழக்கம் என்று நினைத்தால் அது தவறு. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-இன் தொடக்கத்தில் மதுரைக்கு வந்து ஆனைமலையை ஒரு முனையிலிருந்து எடுத்தார். அவருடைய நெகட்டிவ் பிலிம் இல்லை, கண்ணாடியும் இல்லை. மெழுகு ஏற்றிய காகிதம். நம் வெக்கையில் கண்ணாடித் தட்டுக்கு மருந்து பூசி, காய்வதற்குள் எடுத்துக் கழுவுவது பெரும்பாடு. காகிதத்தை முன்கூட்டியே தயார்செய்து கொண்டுபோகலாம் என்பது அதன் வசதி. குறை என்னவென்றால் அந்த மருந்துக்கு நீல ஒளி மட்டும் அளவுக்குமீறி உறைக்கும். பாறையின் வரிகள் படிய வேண்டிய நேரம் திறந்துவைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் அதற்கு ஒரு வழி கண்டார். நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகங்களைத் தானே வரைந்தார். அவருடைய பல படங்களில் பாறை நிசம், மேகம் கைவேலை.

நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு கைப்பேசிச் செயலி அதே வேலையை ஒரு தொடுதலில் செய்கிறது. வெளுத்த வானத்தை எடுத்துவிட்டு வேறெங்கோ எடுத்த செவ்வானத்தை ஒட்டிவிடுகிறது. ட்ரைப் தம் மேகத்தை அந்தப் பாறையின் வெயில் எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்று பார்த்து வரைய வேண்டியிருந்தது. செயலிக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அகத்தியர்கூடத்தின்மேல் நான் பார்த்த அந்திப் படம் ஒன்றில் சூரியன் கிழக்கே மறைந்துகொண்டிருந்தது.

அகத்தியர்கூடத்துக்கு வந்த முதல் கருவி கேமரா இல்லை. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் 1837-இல் நிறுவிய வானாய்வகத்துக்கு 1852-இல் இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்தப்புலம் சமவெளியிலும் மலையுச்சியிலும் ஒரே நேரத்தில் எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்பினார். 1855-இல் இந்த மலைமேல் ஒரு ஆய்வுக்கூடமே கட்டினார். காந்த ஊசிகளும் காற்றழுத்தமானிகளும் யானைக்காட்டு வழியே மேலேறின. அங்கே பதிந்தவை படங்கள் இல்லை, எண்கள். அந்த அளவீடுகளின் தொகுதி 1874-இல் நூலாக வெளிவந்தது. அகத்தியமலையை இவ்வளவு காலம், இவ்வளவு பொறுமையாக உற்றுப் பார்த்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்திருப்பார்கள், இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள்; ஆனால் எழுதிவைத்தவர் அவர்தான். பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், திருவிதாங்கூர் அரசுக்காகப் படமெடுத்த சக்கரியாஸ் டி குரூஸ் போன்றவர்கள் நாட்டின் கோயில்களையும் அரண்மனைகளையும் அருவிகளையும் கண்ணாடித் தட்டில் பதிந்தார்கள். சுமை தூக்க ஆட்கள், முக்காலி, இருட்டுக் கூடாரம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு படம் அன்று. இன்று கைப்பேசியின் எடை இருநூறு கிராம் சொச்சம்.

பாலைவனப் பாறைகளை நான் முதலில் கண்டது நெடுமங்காட்டு ஸ்டூடியோவில் கிடந்த பழைய வெளிநாட்டு இதழ்களில். அமெரிக்காவின் அரிசோனாவில், ஆள் கை விரித்தால் இருபுறமும் இடிக்கும் அளவுக்கு ஒடுங்கிய கல்லிடுக்குகள். மணல்மேடாக இருந்து 19 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன நவாஹோ மணற்பாறையை, எப்போதாவது வரும் காட்டாற்று வெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கியவை. மேலே ஒரு கீற்று வானம். அதிலிருந்து வரும் ஒளி நேரே அடிக்குப் போகாமல் சுவருக்குச் சுவர் மோதி, மோதும்போதெல்லாம் சிவந்து இறங்கும். போனக்காட்டுப் பையன் ஒருவனுக்கு மழையே இல்லாத ஊரில் தண்ணீர் இப்படிச் செதுக்கும் என்பது நம்ப முடியாததாக இருந்தது. எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் கொட்டித் தீர்த்தும் பாறை இப்படி அறுபட்டதில்லை. எங்கள் பாறை கெட்டி. இங்கே தண்ணீர் சுழன்று வேலை செய்யும். கரமனை ஆறு பிறக்கிற இந்த மலைகளில், ஓடைக்குள் ஒரு கூழாங்கல் குழியில் மாட்டிக்கொண்டால், மழைக்கு மழை அதே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்து வழவழப்பான குடம் செய்துவிடும். கோடையில் நீர் இறங்கியபின் குடத்துக்குள் கைவிட்டால் குடைந்த கல் அடியில் கிடக்கும், தானும் பாதி தேய்ந்து.

அந்த அரிசோனா இடுக்குகளின் கதையும் அன்றும் இன்றும் என்று இரண்டாகப் பிரிவதுதான். 1980-இல் புரூஸ் பார்ன்பாம் என்ற புகைப்படக்காரர் அவற்றில் ஒன்றான ஆன்டிலோப் கேன்யனுக்குள் கறுப்பு வெள்ளை பிலிமோடு நுழைந்தபோது அது வெளியுலகம் அதிகம் அறியாத இடம். இருண்ட அடிப்பாகத்துக்கும் வெளிச்சம் விழும் உச்சிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிலிம் தாங்காது. அதைத் தாங்கவைக்க அவர் நெகட்டிவைக் கழுவும் மருந்தின் கலவையையே மாற்ற வேண்டியிருந்தது. 1997-இல் எங்கோ தொலைவில் பெய்த மழை திடீர் வெள்ளமாக உள்ளே புகுந்து பதினொரு பேரைக் கொண்டுபோனது. இன்று அது நவாஹோ மக்களின் பழங்குடிப் பூங்கா. வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது, முக்காலிக்கும் இடமில்லை. நடுப்பகலில் ஒளித்தூண் இறங்கும்போது அது படத்தில் தெரிவதற்காக வழிகாட்டியே ஒரு கை மணலை அள்ளி மேலே வீசுவார். அங்கே எடுத்த படம் ஒன்று 65 லட்சம் டாலருக்கு விலைபோனதாக 2014-இல் பீட்டர் லிக் என்ற படக்காரர் அறிவித்தார். வாங்கியவர் யார் என்பது வெளியே வரவில்லை. பக்கத்தில் 'வேவ்' என்ற வரிப்பாறைக்கு நீண்டகாலம் நாளொன்றுக்கு 20 பேருக்குத்தான் குலுக்கலில் அனுமதி. 2021-இல் அது 64 ஆனது.

நம் மலைக்கும் இப்போது அப்படி ஒரு வாசல் உண்டு. கேரள வனத்துறை சனவரி வாக்கில் இணையத்தில் முன்பதிவைத் திறக்கும். திறந்த கொஞ்ச நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடும். 2019-இல் ஆளுக்கு 1,000 ரூபாயாக இருந்த கட்டணம் ஐந்தே ஆண்டில் 2,500-ஐத் தொட்டது. போனக்காட்டு வனச்சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து பிளாஸ்டிக் இல்லை என்று நிரூபித்து, வழிகாட்டியோடு கிளம்ப வேண்டும். கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகளைத் தாண்டி, ஏழுமடக்குத் தேரி ஏறி, முட்டிடிச்சான் தேரியில் மூச்சுவாங்கி, அதிருமலை முகாமில் ராத்தங்கல். மறுநாள் பொங்காலைப்பாறை வழியாக, கயிறு பிடித்து வழுக்குப் பாறைகளில் ஏறினால் உச்சியில் அகத்தியர் சிலை.

அன்று இந்த வழிக்குச் சீட்டு இல்லை; ஆனால் எல்லாருக்கும் திறந்ததாகவும் இல்லை. லயத்துப் பெண்கள் அதை நாள்தோறும் பார்த்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது பார்த்தார்கள், கொழுந்து எடுத்து நிமிரும்போது பார்த்தார்கள், எடை போட வரிசையில் நிற்கும்போது பார்த்தார்கள். ஏறிப்பார்க்க வழக்கம் இடம் தரவில்லை. 2018 நவம்பர் இறுதியில் கேரள உயர்நீதிமன்றம் பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அதையடுத்து 2019 சனவரியில் தன்யா சனல் என்ற பெண் மேலேறினார். காணிக்காரர்கள் போனக்காட்டில் அமைதியாகக் கூடி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், யாரையும் மறிக்கவில்லை. இன்று உச்சியில் பெண்கள் எடுத்த படங்கள் ஏராளம். அவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு கண்ணோட்ட மாற்றம்: மேலிருந்து கீழே போனக்காட்டைப் பார்த்து எடுத்த படங்கள். ஆண்கள் பலரும் சிகரத்தில் நின்று தங்களையே எடுத்துக்கொண்டார்கள்.

இதே மலையைப் பொதிகை என்று அழைக்கும் தமிழ்நாட்டுப் பக்கம் கதை தலைகீழ். அன்று பாபநாசத்திலிருந்து பூங்குளம் வழியாகப் பொதிகை ஏறினவர்கள் உண்டு. அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமாயிற்று. காலப்போக்கில் அந்த வழி யாத்திரை நின்றது. திருநெல்வேலிக்காரர் தம் பொதிகையைத் தரிசிக்க இன்று திருவனந்தபுரம் சுற்றி, மலையாளத்தில் விண்ணப்பம் நிரப்பினவர்களோடு வரிசையில் நின்று, போனக்காடு வழியாகத்தான் ஏறியாக வேண்டும். பேப்பாறை சரணாலயம் 1983-இல் வந்தது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு மாநிலங்களிலும் பரந்த 3,500 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு ஒரே பெயர். ஏறுவதற்கு ஒரே வாசல். காட்டுக்கு இது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதிருமலைக்கு வழியெல்லாம் சிகரெட் அட்டையும் ஊறுகாய்ப் பொட்டலமும் கிடந்த காலத்தைக் கண்டவன் நான்.

பாதுகாப்பு தேவை என்பதற்கு ஒரு பூவே போதும். உலகில் இந்த மலைத்தொடரில் மட்டும் வளரும் ஒரு ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் இதழில் கரும்பழுப்புக் கோடு. ட்ரூரி என்ற கர்னலின் பெயரைத் தாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டறிந்ததும் சேகரிப்பவர்கள் தோண்டித் தோண்டி எடுத்ததில் அழிந்தேபோயிற்று என்று நினைக்கும் நிலை வந்தது. அன்று பூவைத் தேடி வந்தவருக்கு வழிகாட்ட ஒரு காணிக்காரர் வேண்டும். அவர் வாய் திறக்காவிட்டால் பூ பிழைத்தது. இன்று படத்துக்குள்ளேயே இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை பதிந்துவிடுகிறது. விவரமறிந்த படக்காரர்கள் அந்த எண்களை அழித்துவிட்டுத்தான் படத்தை வெளியிடுகிறார்கள். விவரமறியாதவர் ஒருவர் போதும்.

படமெடுக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் லாபமும் நட்டமும் அங்கேதான் துல்லியமாகத் தெரிகிறது. பொங்காலைப்பாறையில் முழங்காலிட்டு முகத்தைப் பாறைக்கு அருகே கொண்டுபோங்கள். தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தது கறுப்பே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தளம், அதில் வெளிறிய பெல்ட்ஸ்பார் கீற்றுகள், ஊடே மிளகளவில் செந்நிறக் கார்னெட் மணிகள். மென்மையான பகுதி மழையில் அரித்துப்போக, மணிகள் சற்றே துருத்திக்கொண்டு நிற்பதால் உள்ளங்கையில் உராயும். மேற்பரப்பு வெங்காயச் சருகு போலத் தகடு தகடாக உரிந்து கிடக்கிறது. பாறைமேல் இருந்த அழுத்தம் குறைந்தபின் அது உப்பி வெடித்ததன் அடையாளம். கறுப்பைத் தந்தது நீர் வழிந்த தடங்களில் படர்ந்த பாசியும் கற்பாசியும். வெயில் காயும்போது அவை வெளிறும். மழை நனைத்த மறுகணம் முழு மலையும் கறுக்கும்.

இந்த நனைந்த கறுப்பைப் படத்தில் கொண்டுவருவது அன்று பெரிய சோதனை. ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். நனைந்த பாறையை அதன் பேச்சைக் கேட்டு எடுத்தால் பாறை சாம்பலாகும், பின்னாலுள்ள மேகம் வெந்துபோகும். மேகத்தை நம்பி எடுத்தால் பாறை வெறும் கறையாகும். பிறகு நான் 35 மில்லிமீட்டர் கேமராவுக்கு மாறியபோதும் தொல்லை அதேதான். பாறைக்கு ஒரு அளவு, மேகத்துக்கு ஒரு அளவு எடுத்து, நடுவே எதை இழக்கலாம் என்று முடிவுசெய்வதுதான் படமெடுப்பது. முடிவு சரியா என்று தெரிய ரோல் முடிந்து நெடுமங்காடு போய்வர வேண்டும். இன்று கைப்பேசி ஒரு தொடுதலில் பல படங்களை வெவ்வேறு அளவில் எடுத்து, இருட்டை ஒன்றிலிருந்தும் வெளிச்சத்தை மற்றொன்றிலிருந்தும் கோத்துத் தருகிறது. பாறையிலும் விவரம், மேகத்திலும் விவரம். அண்ணாச்சி பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

ஆனால் அந்தக் கருவிக்கு இருட்டு என்றால் குறை. நனைந்த கறுப்பை அது தூக்கிச் சாம்பலாக்கிவிடுகிறது. மரநிழலுக்குள் இருந்த அடர்ந்த பச்சையையும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது. மலையின் கீழே நின்று மேலே பார்க்கும்போது வயிற்றைப் பிசையும் அந்தக் கனம் படத்தில் இல்லை. கறுப்பைக் கறுப்பாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் கருவியோடு சண்டை போட வேண்டியிருக்கிறது, பெரும்பாலோர் போடுவதில்லை. எல்லாப் படமும் அழகாக இருக்கிறது, எல்லாப் படமும் ஒரே அண்ணன் தம்பி சாயலில் இருக்கிறது.

ஊட்டி ஆலையைப் பற்றிய மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பிலிமின் காலமே முடிந்துகொண்டிருந்தது. கோடாக் நிறுவனத்தின் கோடாக்குரோம் வண்ணப் பிலிமின் உற்பத்தியை 2009-இல் நிறுத்தினார்கள்; அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி ஆய்வகம் 2010 முடிவில் அந்த வேலையை விட்டது. 2012-இல் கோடாக்கே திவால் பாதுகாப்பு கேட்டு நின்றது. நம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நெடுங்காலம் நோயாளியாகக் கிடந்து அதே பத்தாண்டில் ஓய்ந்தது. இந்துப் பிலிமில் எடுத்தவை இன்னும் லயத்துப் பெட்டிகளில் மங்காமல் இருக்கின்றன. அந்தப் பிலிமைச் செய்த ஆலை இல்லை.

போனக்காட்டு ஆலையும் இன்று ஓடவில்லை. சங்கு ஊதினால் மலைச்சரிவெல்லாம் கேட்கும் ஆலை. மேல்மாடியில் இலை வாட்டும் தட்டுகள், கீழே ரோலர்கள், எப்போதும் ஒரு பச்சை வாசனை. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாகத் தங்கிப்போன குடும்பங்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு தோட்டம் தளர்ந்தது. சம்பளம் தள்ளித் தள்ளிப் போனது, பிறகு நின்றது. ஓய்வுபெற்றவர்களுக்குச் சேரவேண்டியது சேரவில்லை. ஆண்கள் விதுரைப் பக்கம் கூலி வேலைக்கு இறங்கினார்கள். பெண்கள் நூறுநாள் வேலைக்குப் போனார்கள். தேயிலைச் செடி கவ்வாத்து இல்லாமல் மரமாகிவிட்டது. ஆலையின் சன்னல் கண்ணாடிகள் உடைந்து, ரோலர்கள் துருவேறி நிற்கின்றன. மலை தேய்வதைக் காணக் கோடி ஆண்டு வேண்டும். இதற்கு இருபது போதுமாக இருந்தது.

சிதைவு படத்துக்கு நன்றாக வரும். துரு, பாசி படர்ந்த செங்கல், கூரையின் ஓட்டை வழியே இறங்கும் ஒளித்தூண்: அரிசோனா இடுக்கில் மணல் வீசிக் காட்டும் ஒளிக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. வார இறுதியில் பைக்குகளில் வருகிறவர்கள் ஆலையை எடுக்கிறார்கள், பிறகு மேட்டிலுள்ள பழைய கல் பங்களாவுக்குப் போகிறார்கள். அங்கே வெள்ளைக்கார மேனேஜரின் மகள் பேயாக உலவுகிறாள் என்று யூடியூப் சொல்கிறது. லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒரு பேயைத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. கொழுந்து தீர்ந்தபின் முளைத்த பேய் அது. சம்பளப் பாக்கியைப் பற்றி வந்த செய்திகளைப் பார்த்தவர்களைவிட அந்தப் பேய்க் காணொளிகளைப் பார்த்தவர்கள் பலமடங்கு அதிகம். போகட்டும், பேயாவது ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனது என்று லயத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் கேலியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. படக்காரர்கள் வந்தபின் அவர் வீட்டுத் திண்ணையில் தேநீர்க்கடை ஒன்று வந்தது என்பதும் உண்மை. தேயிலை கடையில் வாங்கிய பாக்கெட்.

இவ்வளவு படங்களுக்கு நடுவே வேறு வகைப் படங்களும் எடுக்கப்படுகின்றன, அவை எங்கும் வெளியாவதில்லை. லயத்தில் ஒரு அக்கா, இருபத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர், மகன் வாங்கித் தந்த கைப்பேசியில் எடுத்தவற்றை எனக்குக் காட்டினார். சுவரின் விரிசல்கள். உத்தரம் இறங்கிய இடம். மழைநாளில் அடுப்படியில் நிற்கும் தண்ணீர். நிலவியலார் பாறையைப் படமெடுக்கும்போது அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தையோ சுத்தியலையோ வைப்பார்கள். யாரும் சொல்லித்தராமலே அந்த அக்கா விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்து எடுத்திருந்தார். "வெறுஞ்சுவர எடுத்தா சின்னதுதானேன்னு சொல்லிருவாங்க தம்பி" என்றார். போன ஆண்டு மழைக்கு முன்னும் பின்னும் அதே விரிசல், அதே தீப்பெட்டி. முன்னதில் விரிசல் பெட்டியின் கனத்தைவிடக் குறைவு, பின்னதில் பெட்டி உள்ளே படுத்துவிடும். அவற்றை அச்சுப்போட்டு மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, படங்களின் பின்பக்கம் தேதியும் வீட்டு எண்ணும் எழுதித் தரச் சொன்னாராம். அக்காவுக்கு எழுத வராது. ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.